நாலேகாலுக்கே கிளம்பிவிட்ட பஸ்

போன வருடம் கார்த்திகை மாதம், மழை இரண்டு நாள் விட்டிருந்த ஒரு புதன்கிழமை, போடிமெட்டில் நடந்தது இது. நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். மாலை நாலு மணி பன்னிரண்டு நிமிடம். என் கைக்கடிகாரத்தைத் தினமும் காலையில் வானொலிச் செய்தி நேரத்தோடு சரிபார்த்துக்கொள்கிறவன் நான். அதனால் நிமிடத்தில் சந்தேகம் வேண்டாம்.

எனக்கு வயது எழுபத்தொன்று. புள்ளிவிவரம் சேகரிக்கிற அரசு வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். வீடு வீடாகப் போய் ஆள் எண்ணினேன், ஆடு எண்ணினேன், கிணறு எண்ணினேன். வேலை விட்டது, பழக்கம் விடவில்லை. போடியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து பஸ் நிலையம் அறுநூற்று நாற்பது எட்டு. எங்கள் தெருவில் விளக்குக் கம்பம் இருபத்திரண்டு, அதில் எரியாதது எந்த எந்தக் கம்பம் என்பது என் நோட்டில் இருக்கும். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை குடம் நிறைந்ததும் நின்றது என்பதும் இருக்கும். எரியாத விளக்கைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது. மனு எழுதிவிடுவேன்.

அதுவரை நாற்பத்து மூன்று மனுக்கள் எழுதியிருந்தேன். குடிநீருக்குப் பதினாலு, தெருவிளக்குக்கு ஒன்பது, சாக்கடைக்கு ஏழு, நூலகத்து மின்விசிறிக்கு மூன்று, மீதிப் பத்தும் பஸ்ஸுக்கு. என் மனைவி யாராவது என்னைத் தேடி வந்தால், "உள்ள ஒக்காந்து நகராட்சியத் திட்டிக்கிட்டு இருக்காக" என்பாள். நான் திட்டியதில்லை. எண்ணிச் சொன்னேன், அவ்வளவுதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாற்பத்து மூன்றாவது மனுதான் இந்தக் கதைக்கு முக்கியம்.

என் மனைவியின் தம்பிக்குப் போடிமெட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் ஏலக்காடு. அங்கே வரப்போரம் விளையும் பீன்ஸையும் அவரையையும் ஒரு பையில் கட்டி, வாரத்துக்கு மூன்று நாள், மாலை பஸ்ஸில் கொடுத்து அனுப்புவார். போடிமெட்டில் நாலேகாலுக்கு எடுத்து, மலை இறங்கி, ஐந்து பத்துக்குப் போடி வந்து சேர வேண்டிய அரசு பஸ் அது. நான் பஸ் நிலையத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பேன். வந்து சேராது. இருபத்துநாலு நாள் உட்கார்ந்து குறித்தேன். இருபத்துமூன்று நாள் தாமதம். குறைந்தது பதினாலு நிமிடம், அதிகம் முப்பத்தொரு நிமிடம். ஒரே ஒரு நாள் சரியாக வந்தது. அது தீபாவளிக்கு மறுநாள்.

கட்டம் போட்டு, தேதி வாரியாக எழுதி, சராசரி கண்டுபிடித்து, ஓட்டுநரை நேரத்துக்கு எடுக்கச் சொல்ல வேண்டும் என்று கீழே கோடிட்டு அனுப்பினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. மனு பரிசீலிக்கப்பட்டது, போடிமெட்டு நிறுத்தத்திலிருந்து பஸ்ஸை உரிய நேரத்தில் எடுக்க ஓட்டுநருக்கு அறிவுறுத்தப்பட்டது என்று இரண்டே வரி. நாற்பத்து மூன்றில் இவ்வளவு வெரசாகப் பலித்தது அது ஒன்றுதான். பதிலைத் தெருவில் ஏழு வீட்டுக்குக் காட்டினேன். நான்கு பேர் படித்தார்கள்.

அது வந்த மூன்றாம் நாள்தான் நான் சொல்லும் புதன்கிழமை.

அன்று நானும் மனைவியும் காலை பஸ்ஸில் மேலே போயிருந்தோம். மைத்துனர் காய் மூட்டைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஏலத்துக்காகப் போடி இறங்கிவிட்டார்; இருட்டுவதற்குள் திரும்பி வந்து எங்கள் எல்லாரையும் கீழே இறக்கிவிடுவதாக ஏற்பாடு. காட்டில் காய் எடுக்க வந்திருந்த சிலமலை ஊர்ப் பெண்கள் நாலு பேர், நாங்கள் இரண்டு பேர், ஆக ஆறு பேர்தான். வேலை முடிந்து கிளம்பும் நேரம். என் மனைவிக்குச் சும்மா இருக்கப் பிடிக்காது. கடைசியாக ஒரு தூரில் காய் விட்டுப்போயிருக்கிறது என்று குனிந்து இலையை விலக்கினாள். இலைக்குப் பின்னால் கதண்டுக் கூடு. பெரிய குளவியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கிளம்பியது தெரியவில்லை, கொட்டியதுதான் தெரிந்தது.

பெண்கள் சாக்கால் விசிறி விரட்டி அவளை வெளியே இழுத்து வந்தார்கள். நான் எண்ணினேன். முகத்தில் மூன்று, கழுத்தில் நாலு, கைகளில் ஏழு. பதினாலு கொட்டு. சுண்ணாம்பு தடவினார்கள். "ஒண்ணுமில்ல, எரியுது, அவ்வளவுதேன்" என்றாள் மனைவி. சொல்லும்போதே உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் தடிப்பு ஏறுவது என் கண் முன்னால் தெரிந்தது. நிற்க வைத்தால் தலை சுற்றுகிறது என்றாள்.

நாலு பதினாறுக்கு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். மலை உச்சியில் எங்கள் ஊர் செல்போன் கோபுரம் எட்டுவதில்லை. என் போன் கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டது. எடுத்த பெண் மலையாளத்தில் பேசினார். பொறுமையாகத்தான் பேசினார், எந்தப் பஞ்சாயத்து என்று மூன்று தரம் கேட்டார். எனக்குப் பஞ்சாயத்துப் பெயர் தெரியவில்லை. எத்தனை கொட்டு என்பதுதான் தெரியும். பதினாலு, பதினாலு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தொடர்பு அறுந்துவிட்டது.

காவல் கொட்டகையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அவளை உட்கார வைத்து, நாலு பெண்களும் நாலு காலைப் பிடித்துத் தூக்கினார்கள். ஒற்றையடிப் பாதை. மழையில் ஊறி வழுக்கியது. நாலு இருபத்துமூன்றுக்கு அவள் உதடு வீங்க ஆரம்பித்தது. அவர்களில் மூத்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அப்பு, நீங்க கூட நடந்து ஒண்ணும் ஆகப்போறதில்ல. முன்னாடி ஓடுங்க. வண்டிய நிப்பாட்டுங்க. ஆத்தாவ நாங்க கொண்டாந்துருவோம்."

எந்த வண்டியை நிறுத்துவது? அந்த நேரத்தில் கீழே இறங்கும் பஸ் அது ஒன்றுதான். அது நாலேகாலுக்குப் போயிருக்க வேண்டும். போயிருக்கும். போகத்தானே நான் மனுப் போட்டேன்.

காட்டிலிருந்து நிறுத்தத்துக்கு ஆயிரத்து நூற்று ஐம்பது எட்டு. முன்பே எண்ணி வைத்திருந்தேன். அன்று ஓடினேன். முட்டி வலிக்கிற காலோடு, ஒரு கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஓடிக்கொண்டே மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். போடிக்கு ஐந்து இருபத்துநாலுக்கு வந்த நாளில் மேலிருந்து நாலு இருபத்தொன்பதுக்கு எடுத்திருக்க வேண்டும். ஐந்து நாற்பத்தொன்றுக்கு வந்த நாளில் நாலு நாற்பத்தாறு. என் அட்டவணை பொய்யில்லை என்றால், ஓட்டுநர் பழைய ஆளாகவே இருந்தால், பஸ் இன்னும் நிற்கும். என் மனு பலித்திருந்தால் நிற்காது. என் வாழ்நாளில் ஒரு பஸ் தாமதமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அந்தப் பதினோரு நிமிடம்தான். எழுதிப் போட்ட ஒரு மனு எங்காவது தொலைந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியதும் அப்போதுதான்.

நாலு முப்பத்துநாலுக்கு நிறுத்தத்துக்கு வந்தேன். நிறுத்தம் காலியாகக் கிடந்தது.

டீக்கடைக்காரரிடம் பஸ் எங்கே என்று கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே, "நாலேகாலுக்கே எடுத்துட்டாகளே" என்றார்.

கடை முன்னால் கிடந்த பலகையில் உட்கார்ந்தேன். என்னத்தை எண்ணுவது என்று தெரியவில்லை. என் வாயிலிருந்து என்ன வந்ததோ, அவர் டம்ளரை வைத்துவிட்டு என் தோளைத் தொட்டுக் கையை நீட்டினார். "எதுக்கு இப்பிடிப் பதறுறீக. அந்தா, திருப்பத்துல நிக்கிது பாருங்க."

திருப்பத்துக்கு அந்தப் பக்கம், நிறுத்தத்திலிருந்து முப்பது அடி தள்ளி, பஸ் நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஐந்தாறு பேர்தான். நான் படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். கதண்டு, பதினாலு கொட்டு, உதடு வீக்கம், நாற்காலியில் தூக்கி வருகிறார்கள். ஓட்டுநர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நடத்துநரைப் பார்த்தார், அவ்வளவுதான். நடத்துநர் இறங்கி, டீக்கடைக்குப் பின்னால் இருக்கும் பாறை மேல் ஏறினார். அந்தப் பாறையில் நின்றால்தான் எங்கள் ஊர் சிக்னல் கிடைக்கும் என்பது மேட்டில் எல்லாருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. அங்கிருந்து போடி பஸ் நிலையத்து நேரக்காப்பாளருக்குப் பேசினார். ஆம்புலன்ஸை மலைக்கு ஏறச் சொல்லுங்கள், நாங்கள் இறங்கி வருகிறோம், வழியில் எங்கே சந்திக்கிறோமோ அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றார். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அதற்குள் பக்கத்து எஸ்டேட் சரிவிலிருந்து பெண்கள் ஓடிவந்து ஏற ஆரம்பித்தார்கள். ஈரச் சேலை, தலையில் பிளாஸ்டிக் தாள், கையில் தூக்குச்சட்டி. எண்ணினேன், இருபத்தேழு பேர். எனக்கு அந்த நேரத்திலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. நாலேகாலுக்குப் போக வேண்டிய பஸ் இன்னும் ஏன் நிற்கிறது என்று நடத்துநரிடம் கேட்டேன்.

"காய் நிறுத்து முடியணும்ல அய்யா. தன்னோட காய நிறுக்கையில கூட நிக்கலைன்னா எடையக் குறைச்சு எழுதிருவாக. அத விட்டுட்டு எப்பிடி வருவாக? நாலரைக்கு மேலதேன் முடியும். நாங்க போயிட்டா பெறகு ஜீப்புல பதினெட்டுப் பேரு நெருக்கி அடிச்சுத் தொங்கிக்கிட்டுப் போகணும். இப்ப எவனோ ஒரு வேலையத்தவன் கீழ ஒக்காந்து மனுப் போட்டு விட்டுட்டான். ஸ்டாப்ப விட்டு நாலேகாலுக்கு எடுக்கணும்னு மெமோ. எடுத்துட்டோம். முப்பதடி எடுத்துட்டோம். இங்கன நிக்கக் கூடாதுன்னு மெமோவுல இல்லையே."

தீபாவளிக்கு மறுநாள் மலையில் யாரும் வேலைக்குப் போவதில்லை. பஸ் சரியாக வந்த அந்த ஒரு நாள் என் அட்டவணையிலேயே இருந்தது. முப்பத்தொரு வருடம் புள்ளிவிவரம் எடுத்தவன் அதைப் பார்த்து, ஏன் என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

நாலு நாற்பதுக்கு நாற்காலி வந்தது. நாலு பெண்களுக்கும் முழங்கால் வரை சேறு. உள்ளிருந்தவர்கள் எழுந்து நீளச் சீட்டைக் காலி செய்தார்கள். மனைவியைச் சாய்த்து உட்கார வைத்தோம்; தூக்கி வந்த நாலு பேரும் கூடவே ஏறிக்கொண்டார்கள். முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. நாலு நாற்பத்தொன்றுக்குப் பஸ் நகர்ந்தது.

போடிமெட்டுச் சாலையில் கொண்டை ஊசி வளைவு பதினேழு. மலைச்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவன் ஒதுங்கி நிற்க வேண்டும். அன்று எங்கள் ஓட்டுநர் விளக்கைப் போட்டுவிட்டு, ஒரு கையை ஆரனில் வைத்துக்கொண்டார். நடத்துநர் படியில் தொங்கியபடி விசில் ஊதிக்கொண்டு, ஒரு சிவப்புத் துண்டை வெளியே ஆட்டினார். ஏறி வந்த முதல் லாரி நின்றது. பின்னால் வந்த கார்களும் நின்றன. ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

ஓட்டுநர் திரும்பிப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். "அப்பு, வளைவு எத்தனைன்னு சத்தமாச் சொல்லிக்கிட்டே வாங்க. நான் ரோட்டப் பாக்கணும். கீழ உள்ளவனுக்குக் கணக்கு வேணும்."

எண்ணுவதற்கு என்னை யாரும் அதுவரை கேட்டதே இல்லை. ஒன்று என்றேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு என்றேன். கொஞ்சம் இறங்கியதுமே எங்கள் ஊர் சிக்னல் கிடைத்துவிட்டது; நடத்துநர் போனில் அதை அப்படியே நேரக்காப்பாளருக்குச் சொன்னார். அவர் இன்னொரு போனில் ஆம்புலன்ஸ்காரரைப் பிடித்து வைத்திருந்தார். மூன்றாவது வளைவில் மனைவிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நாலு நாற்பத்தெட்டு. குறித்துக்கொண்டேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது. அந்தப் பக்கம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

நாலாவது வளைவு தாண்டியதும் என் மனைவி நடத்துநரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஏதோ கேட்கிறாள் என்று அவர் குனிந்தார். வீங்கிய உதட்டைக் கஷ்டப்பட்டுப் பிரித்துச் சொன்னாள்.

"அந்த மனு… போட்டது இவுகதேன்."

பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தோம். நடத்துநர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஏன் அப்போது சொன்னாய் என்று பிறகு கேட்டபோது, "போறதுக்கு முன்னாடி சொல்லிரணும்ல. அவுக பஸ்ஸுல போய்க்கிட்டு அவுகள ஏமாத்துறது எப்பிடி?" என்றாள்.

ஓட்டுநர்தான் பேசினார், அதுவும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "தெரியும் ஆத்தா. மனுவுல கட்டம் கட்டமாப் போட்டிருந்துச்சு. நம்ம பஸ் ஸ்டாண்டுல நோட்டும் கையுமா ஒக்காந்திருக்கது ஒரே ஆளுதேன். நீங்க பேசாதீக, மூச்சு வீணாப் போகும். அப்பு, எத்தன?"

"அஞ்சு" என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்க."

"அஞ்சு."

ஏழாவது வளைவில் மண் சரிந்து, சாலை ஒரு வண்டி போகும் அகலத்துக்குச் சுருங்கிக் கிடந்தது. நெடுஞ்சாலைப் பணியாளர் ஒருவர் கொடியைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்பார். காலையில் ஏறும்போது அவரைப் பார்த்து, நாள் முழுக்க ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் ஒரு வேலையா என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். நாற்பத்து நாலாவது மனுவுக்கு முதல் வரிகூடத் தோன்றியிருந்தது. இப்போது அவர் எங்கள் விசிலைத் தூரத்திலேயே கேட்டு, ஏறி வந்த ஒன்பது வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார். ஜீப்புகள், ஒரு வேன், பின்னால் ஒரு டேங்கர். நாங்கள் வேகம் குறைக்காமல் போனோம். தாண்டும்போது மண்வெட்டிகளோடு ஓரம் ஒதுங்கி நின்ற ஆட்களையும் பார்த்தேன். அவர்களை எண்ணத் தோன்றவில்லை.

ஒன்பதாவது வளைவில் போனைக் காதில் வைத்திருந்த நடத்துநர் கத்தினார், ஆம்புலன்ஸ் அடிவாரத்து முந்தல் தாண்டிக் கீழிருந்து மூன்று வளைவு ஏறிவிட்டதாம். ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு, இன்னும் ஐந்து என்று நான் சொன்னேன். அது எப்படியோ பஸ் முழுக்கப் பற்றிக்கொண்டது. பத்து என்று நான் சொன்னால் இருபத்தேழு பெண்களும் பத்து என்றார்கள். கீழே நாலு என்று நடத்துநர் சொன்னால் நாலு என்றார்கள். ஒருத்தி விரல் விட்டு இன்னும் மூன்று என்றாள். என் மனைவியின் கையை நான் பிடித்திருந்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் அவள் விரல் என் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டியது. பத்துக்குத் தட்டினாள். கீழே ஐந்து என்றபோது தட்டவில்லை. நான் அவள் காதில் எண்ணைத் திரும்பச் சொன்னேன். மெல்லத் தட்டினாள்.

பதினொன்று என்றோம். கீழே ஆறு என்றார் நடத்துநர். பதினொன்றும் ஆறும் பதினேழு. மிச்சம் ஒன்றுமில்லை. எல்லாரும் முன் கண்ணாடியைப் பார்த்தோம். நேர் எதிரே, பாறையை ஒட்டி, நீல விளக்கு சுழன்றபடி ஆம்புலன்ஸ் ஏறி வந்தது. மணி ஐந்து நாலு.

ஆம்புலன்ஸில் வந்த செவிலியருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பையோடு நேராகப் பஸ்ஸுக்குள் ஏறிவிட்டார். அவளை இறக்கச் சொல்லவில்லை. சீட்டிலேயே வைத்துத் தொடையில் ஊசி போட்டார், மூக்கில் ஆக்சிஜன் வைத்தார். கையை நிறுத்தாமலே எப்போது கொட்டியது, எத்தனை இடம் என்று கேட்டார். நான் நோட்டைத் திறந்து வாசித்தேன். கொட்டியது நாலு பன்னிரண்டு, பதினாலு இடம், உதடு வீங்கியது நாலு இருபத்துமூன்று, மூச்சு இழுத்தது நாலு நாற்பத்தெட்டு. அவர் ஒரு நொடி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த எண்களைப் பேனாவால் தன் கையுறை மேலேயே எழுதிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். முப்பத்தொரு வருடத்தில் நான் கொடுத்த புள்ளிவிவரத்தை ஒருவர் வாங்கிய கையோடு பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை.

ஆறு நிமிடம் கழித்து என் மனைவி ஒரு முழு மூச்சு விட்டாள். பக்கத்தில் நின்ற மூத்த பெண் அழுதுவிட்டார். மனைவி கண்ணைத் திறந்து, சேறு அப்பியிருந்த அவர் காலைப் பார்த்து, நாற்காலியை மேலேயே விட்டுவிட்டீர்களா, தம்பி தேடுவானே என்று கேட்டாள். அப்போதுதான் அவள் என்னை விட்டுப் போகப் போவதில்லை என்று எனக்குப் பட்டது.

அரசு மருத்துவமனையில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் மாலை நடத்துநர் பார்க்க வந்தார், கையில் பீன்ஸ் பை. மைத்துனர் கொடுத்தனுப்பியது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. வேலையத்தவன் என்று சொன்னதற்கு அவர் மன்னிப்புக் கேட்டார். ஒரு வேலையத்தவன் என்றதில் எண்ணிக்கையிலும் தப்பில்லை, வார்த்தையிலும் தப்பில்லை என்று நான் சொன்னேன். சிரித்தார். போகும்போதுதான் சொன்னார், ஓட்டுநருக்கு இரண்டாவது மெமோ வந்திருக்கிறதாம். நிறுத்தத்தை விட்டு எடுத்துத் திருப்பத்தில் பஸ்ஸை நிறுத்தி வைக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை நான் இல்லை.

மனைவி வீட்டுக்கு வந்த மறுவாரம் நான் வேலையில் இறங்கினேன். பன்னிரண்டு நாள் தினமும் காலை பஸ்ஸில் மேட்டுக்கு ஏறி, எடை போடும் கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்தேன். நிறுத்து முடியும் நேரம் சராசரி நாலு முப்பத்துமூன்று. பஸ்ஸுக்கு வரும் பெண்கள் சராசரி முப்பத்தொன்று. கட்டம் போட்டேன். அந்தப் பெண்கள் முப்பத்தெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள், அதில் ஒன்பது கைரேகை. நாற்பத்து நாலாவது மனுவைத் தபாலில் போடாமல் நேரே பஸ் பணிமனைக்குக் கொண்டுபோனேன்.

கிளை மேலாளர் பழைய மனுவையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். போன மாதம் நேரத்துக்கு எடுக்கவில்லை என்றீர்கள், இந்த மாதம் எடுக்கக் கூடாது என்கிறீர்கள், உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, களைத்துப்போய்க் கேட்டார்.

"சார், பஸ் லேட்டா வரலை. அட்டவணைதான் சீக்கிரம் போகுது" என்றேன். பிறகு அந்தப் புதன்கிழமையை நிமிடம் நிமிடமாகச் சொன்னேன். அவர் இடையில் இரண்டு போன்களை எடுக்காமல் விட்டார்.

பத்தொன்பதாம் நாள் உத்தரவு வந்தது. போடிமெட்டிலிருந்து மாலை பஸ் இனி நாலு நாற்பதுக்கு. ஓட்டுநர் மேல் நடவடிக்கை இல்லை. அந்தக் கடிதத்தை நான் தெருவில் காட்டவில்லை. பஸ் நிலையத்துக்குப் போய் ஓட்டுநரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "அப்ப இனிமே முப்பதடி சோலி மிச்சம்" என்றார்.

நான் மாறிவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தெருவில் பதினேழாவது கம்பம் இன்றைக்கும் எரியவில்லை. போன வாரம் அதற்கு எழுதினேன். ஆனால் அதற்கு முன்னால், விளக்கு மாட்ட வரும் பணியாளருக்கு ஏணி வண்டி எத்தனை நாளுக்கு ஒரு தடவை கிடைக்கிறது என்று அவரையே கேட்டு, அதையும் மனுவில் சேர்த்தேன். மூன்று வார்டுக்கு ஒரே ஏணி வண்டிதான் என்பது அவர் சொல்லித்தான் தெரியும்.

மாலையில் அதே சிமெண்ட் பெஞ்சில்தான் உட்காருகிறேன். நோட்டும் இருக்கிறது. மலை பஸ் வந்து நின்றதும் முன்பெல்லாம் கடிகாரத்தைப் பார்ப்பேன். இப்போது படியைப் பார்க்கிறேன், இறங்குகிறவர்களை எண்ணுகிறேன். ஒரு பஸ் எதற்காக ஓடுகிறது என்பதை எழுபது வயதுக்கு மேல் ஒரு மலைச்சாலையில் கற்றுக்கொண்டவனுக்கு, அந்த எண்ணிக்கைதான் முதலில் வேண்டியிருக்கிறது. நேற்று முப்பத்துநாலு பேர் இறங்கினார்கள். கடைசி ஆளாக, ஒரு கையில் கம்பியையும் ஒரு கையில் பீன்ஸ் பையையும் பிடித்துக்கொண்டு, தம்பி வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி இறங்கினாள். அப்போது மணி என்ன என்று எனக்குத் தெரியாது.